13 வயசு பூனை, பொறந்ததுலேருந்து ட்ரை ஃபுட் தான், இப்ப போய் வெட் ஃபுட்டுக்கு மாத்தணுமா?

மிளகம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டு பொண்ணு பேரு மிளகு. 13 வயசு முடியப்போகுது. கருத்தடை பண்ணினவ, வீட்டுக்குள்ளயே வளர்ந்தவ. உள்ளங்கை சைஸ்ல வந்த நாள்லேருந்து ட்ரை ஃபுட், அதான் அந்த காஞ்ச உருண்டை, மட்டும் தான். கிண்ணத்துல எப்பவும் கொட்டி வச்சிருப்போம், அவளா வந்து நாலு வாய் கொறிப்பா, போவா, ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப வந்து நாலு வாய். இத்தனை வருஷமா இப்படியே தான் ஓடிட்டு இருந்துச்சு.

போன வாரம் நகம் வெட்ட கூட்டிட்டு போனப்ப சும்மா எடை பாத்தாங்க, 4.1 கிலோ. பழைய சீட்டை எடுத்துப் பாத்தா போன வருஷம் 4.8. டாக்டர் அன்னைக்கு வேற ஒரு அவசர கேஸ்ல இருந்தாரு, "வயசாகுதுல்ல, இனிமே வெட் ஃபுட்டுக்கு மாத்திடுங்க"ன்னு போற போக்குல சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. எதுக்கு, எவ்வளவு, எப்படின்னு கேக்க முடியல.

சரின்னு நாலஞ்சு பவுச் வாங்கிட்டு வந்து வச்சா மேடம் கிரேவியை மட்டும் நக்கிட்டு துண்டெல்லாம் அப்படியே விட்டுட்டு பழைய கிண்ணத்தைப் பாத்து கத்துறா. வீட்டுக்காரர் "13 வருஷமா சாப்பிட்டதை இப்ப எதுக்கு மாத்துற, கடிச்சு சாப்பிட்டா தான் பல்லு சுத்தமா இருக்கும்"ங்கறாரு. பொண்ணு எங்கேயோ வீடியோ பாத்துட்டு "ட்ரை ஃபுட் விஷம், இத்தனை நாள் நாம தான் அவளைக் கெடுத்துட்டோம்"னு அழுகுறா. நடுவுல நான்.

நிஜமா மாத்தணுமா? ரெண்டையும் கலந்து குடுத்தா வயித்துக்கு ஒத்துக்காதுன்னு சொல்றாங்களே அது உண்மையா? ட்ரை கிண்ணத்தை ஒரு ரெண்டு நாள் எடுத்து ஒளிச்சு வச்சிட்டா பசியில தானா வெட் சாப்பிட ஆரம்பிச்சிடுவாளா?


நாலுகால் நண்பன்:

சிஸ்டர், மாத்துங்க, யோசிக்கவே யோசிக்காதீங்க. நான் ரெண்டு வயசான பூனைங்களை வச்சு பாத்துட்டேன். விஷயமே தண்ணி தான். பூனையோட மூதாதை ஆப்பிரிக்கா பக்கத்து வறண்ட நிலத்து காட்டுப்பூனை, அதுங்க தண்ணி தேடி அலையாது, பிடிக்கிற எலி குருவியில இருக்கிற ஈரமே போதும், ஒரு எலி உடம்புல முக்கால் பங்குக்கு கிட்ட தண்ணி தான். அந்த பழக்கம் இன்னும் போகல, சோபாவுல தூங்குற நம்ம பூனைக்கும் தாகம் எடுக்கறது ரொம்ப கம்மி. நாய் மாதிரி மொச்சு மொச்சுன்னு குடிக்காது.

இப்ப பாருங்க, ட்ரை ஃபுட்ல ஈரம் நூத்துக்கு பத்துக்குள்ள, வெட்ல எழுபத்தஞ்சுலேருந்து எண்பத்தஞ்சு வரைக்கும். ட்ரை சாப்பிடுற பூனை கிண்ணத்துல தண்ணி கூடுதலா குடிக்கும் தான், ஆனா மொத்தமா கணக்கு பாத்தா வெட் சாப்பிடுற பூனை உள்ள போற தண்ணிக்கு பக்கத்துல கூட வராது. இளவயசுல கிட்னி சமாளிச்சுக்கும், உச்சாவை கெட்டியா பிழிஞ்சு வெளிய தள்ளும். வயசானா அந்த பிழியற சக்தி குறையும், அப்ப தண்ணி உள்ள போகலேன்னா மலச்சிக்கல் வேற சேர்ந்துக்கும். என்னோட பெரியவன் லிட்டர் பாக்ஸ்ல உக்காந்து பத்து நிமிஷம் முக்குவான், வெட் ஃபுட்டுக்கு வந்த ரெண்டாவது வாரம் அது நின்னுச்சு.

கலந்து குடுத்தா ஒத்துக்காதுங்கறதெல்லாம் சும்மா. எங்க வீட்ல ரெண்டு வருஷமா கலந்து தான் ஓடுது.


கடுகடு பெருசு:

வந்துட்டாங்கய்யா வெட் ஃபுட் கட்சி.

அம்மா, உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, விஷம்லாம் இல்ல. விஷத்தை தின்னுட்டு ஒரு பூனை 13 வருஷம் உக்காந்திருக்காது. என் கிட்ட இருந்தவன் 18 வயசு வரைக்கும் ட்ரை தான், வீடு பூரா ஆறு இடத்துல தண்ணி வச்சிருந்தேன், குடிச்சான், இருந்தான், போனான். ஒரு பூனையை வச்சு ஊருக்கே சட்டம் சொல்லக்கூடாதுன்னு எனக்கும் தெரியும், ஆனா எதிர் கட்சியும் அதையே தானே செய்யுது.

வயசான பூனை ஒரே தடவையில நிறைய சாப்பிடாது, கொஞ்சம் கொஞ்சமா பத்து பன்னெண்டு தடவை கொறிக்கும். ட்ரை நாள் முழுக்க கிண்ணத்துல கிடந்தா கெடாது. வெட் ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல காஞ்சு வறட்டி மாதிரி ஆயிடும், அப்புறம் அதை மோந்து கூட பாக்காது. வேலைக்கு போற வீட்ல யாரு மணிக்கு ஒரு தடவை பவுச் பிரிக்கிறது? அதுவும் இல்லாம இளைச்சுப் போன பூனைக்கு ஒரு கைப்பிடி ட்ரைல இருக்கிற தெம்பு நாலு பவுச்ல தான் இருக்கும்.

பல்லு விஷயத்துல உங்க வீட்டுக்காரர் சொல்றது சரின்னு தான் நான் நினைக்கிறேன். கடிச்சா தான் பல்லு.


அரைமூடிக்கண்:

நான் ஒரு கால்நடை மருத்துவமனையில உதவியாளரா ஒன்பது வருஷமா இருக்கேன், டாக்டர் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடறேன்.

மிளகம்மா, உங்க கேள்வியில கடைசி வரி தான் என்னைப் பயமுறுத்துச்சு. தயவு செஞ்சு ட்ரை கிண்ணத்தை ஒளிச்சு வச்சு பட்டினி போடாதீங்க. நாய்க்கு அது ஓடும், பூனைக்கு ஓடாது. பூனை ரெண்டு மூணு நாள் சரியா சாப்பிடலேன்னா உடம்பு சேமிச்சு வச்ச கொழுப்பெல்லாம் கிளம்பி ஈரலுக்கு ஓடும், ஈரலால அவ்வளவு கொழுப்பை சமாளிக்க முடியாது, அதுலயே அடைச்சு மஞ்சக்காமாலை வந்துடும். குண்டு பூனைக்கு ஆபத்து இன்னும் ஜாஸ்தி. எங்ககிட்ட வர்ற கேஸ்ல "பிடிவாதம் பிடிச்சா, ரெண்டு நாள் விட்டா வழிக்கு வருவான்னு பாத்தோம்"னு சொல்ற ஆளுங்க எத்தனையோ பேர். 24 மணி நேரம் எதுவுமே தொடலேன்னா போன் பண்ணணும், அவ்வளவு தான்.

அடுத்தது எடை. 4.8லேருந்து 4.1ன்னா ஏழுல ஒரு பங்கு போயிருக்கு. 60 கிலோ ஆள் டயட் எதுவும் இல்லாம ஒரு வருஷத்துல எட்டரை ஒன்பது கிலோ இளைச்சா வீட்ல சும்மா இருப்பாங்களா? "வயசாகுது"ங்கறது காரணம் இல்ல, வயசானதால என்ன வந்திருக்குன்னு பாக்கணும். அதனால வெட்டா ட்ரையாங்கற சண்டையை கொஞ்சம் ஓரமா வச்சிட்டு இதுக்கு பதில் சொல்லுங்க:

சாப்பிடறப்ப தலையை ஒரு பக்கமா சாய்க்கிறாளா, வாயில எடுத்ததை கீழ போடறாளா? தண்ணி முன்னாடியை விட அதிகமா குடிக்கிறாளா, லிட்டர் பாக்ஸ்ல உச்சா பட்டு மண்ணு உருளுற கட்டி பெருசா வருதா? பசி எப்படி, குறைஞ்சிருக்கா இல்ல பேய் பசியா இருக்கா? பேய் பசி இருந்தும் இளைச்சா தைராய்டு ஒரு சந்தேகம், பத்து வயசு தாண்டின பூனைங்களுக்கு அது சகஜம்.

பெருசுக்கு ஒரு விஷயம், கோவிச்சுக்காதீங்க. ட்ரை ஃபுட் பல்லை சுத்தம் பண்ணும்ங்கறது பிஸ்கட் சாப்பிட்டா பல்லு விளக்கின மாதிரின்னு சொல்றது மாதிரி தான். பல்லு நுனி பட்டதும் அந்த உருண்டை பொடிஞ்சிடும், ஈறு ஓரம் வரைக்கும் உரசவே உரசாது, பாதி பூனைங்க மெல்லாமலே முழுங்கும், வாந்தி எடுத்தா முழுசு முழுசா வெளிய வரும் பாத்திருப்பீங்க. பல்லுக்காகவே பெருசா, நார் நாரா செஞ்ச தனி ட்ரை ஃபுட் இருக்கு, வெட்டினரி ஓரல் ஹெல்த் கவுன்சில் முத்திரை போட்டது, அது வேற. சாதா ட்ரைக்கு அந்த வேலை தெரியாது.


கடுகடு பெருசு:

கோவம்லாம் இல்ல. முழுங்குறது உண்மை தான், என் பயலும் அப்படியே வாந்தி எடுப்பான், எண்ணலாம் போல முழுசு முழுசா. ஆனா விஷம் இல்லேங்கறதுல மாத்தமில்ல.


அரைமூடிக்கண்:

அதுல நானும் உங்க பக்கம் தான்.


மிளகம்மா:

அய்யோ, நீங்க கேட்டதும் தான் உக்காந்து கவனிச்சேன். ரெண்டு நாளா பக்கத்துலயே இருந்து பாத்துட்டு எழுதுறேன்.

ஆமாங்க, தலையை இடது பக்கமா சாய்ச்சு சாய்ச்சு மெல்லுறா. ரெண்டு உருண்டை கீழ விழுது, விழுந்ததை எடுக்காம அடுத்ததுக்கு போறா. கிண்ணத்து பக்கம் ஓடி வர்றா, மோந்து பாக்குறா, நாலு வாய், அப்புறம் ஏதோ நினைச்சுக்கிட்ட மாதிரி நின்னுட்டு போயிடறா. நாங்க இவ்வளவு நாளும் "மேடத்துக்கு திமிரு"ன்னு சிரிச்சிட்டு இருந்தோம். தண்ணி... அவ குளியலறை வாளியில தான் குடிப்பா, அதனால அளவு தெரியல, ஆனா லிட்டர் அள்ளுறப்ப கட்டி முன்ன எலுமிச்சை சைஸ்ல இருந்தது இப்ப ஆரஞ்சு சைஸ்ல வருதுன்னு பொண்ணு சொல்றா. அவ தான் தினம் அள்ளுவா. என்கிட்ட சொல்லணும்னு அவளுக்கு தோணல, எனக்கு கேக்கணும்னு தோணல.


வாலாட்டாதே:

சிஸ் நாளைக்கே போங்க. வாய் வலி இருக்கு கண்டிப்பா. பூனை வலியை காட்டாது, சாப்பிடறதை நிறுத்தவும் நிறுத்தாது, கடைசி வரைக்கும் ஒரு பக்கமா மென்னு சமாளிக்கும்.


அரைமூடிக்கண்:

போங்க. போறப்ப ரத்தம் எடுக்கணும், உச்சா டெஸ்ட் பண்ணணும், தைராய்டு பாக்கணும், பிரஷர் பாக்கணும்னு எழுதியே எடுத்துட்டு போங்க, இல்லேன்னா போன தடவை மாதிரி ஒரே வரியில முடிஞ்சிடும். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட் ரெண்டு இருக்கு, கிரியேட்டினின், எஸ்டிஎம்ஏ. கிரியேட்டினின் மட்டும் பாத்துட்டு கிட்னி நல்லாருக்குன்னு சொன்னா எஸ்டிஎம்ஏவும் கேளுங்க, ஏன்னா கிட்னியோட வேலையில முக்கால்வாசி போன அப்புறம் தான் கிரியேட்டினின் ஏறும், எஸ்டிஎம்ஏ பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே காட்டிக் குடுத்துடும். அதுவும் இளைச்ச பூனைக்கு சதை கம்மியா இருக்கறதால கிரியேட்டினின் இருக்கறதை விட கம்மியாவே தெரியும்.

அதுவரைக்கும் ட்ரையை வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் ஊறவச்சு குடுங்க, மெல்ல வேண்டாம். ஊறினது ஈரமான சாப்பாடு மாதிரி தான், நாள் பூரா வைக்காதீங்க.


கணக்கு வாத்தி:

நான் வழக்கம்போல கால்குலேட்டரோட வந்துட்டேன். மேல யாரோ ட்ரைல தெம்பு ஜாஸ்தின்னாங்க, இன்னொருத்தர் வெட்ல புரதம் ஜாஸ்தின்னு சொல்வாங்க, ரெண்டும் சரி, ஆனா பாக்கெட்ல போட்டிருக்கிற நம்பரை அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா ஏமாந்து போவீங்க.

ட்ரை பாக்கெட்ல புரதம் 32 சதம்னு இருக்கும், பவுச்ல 10 சதம்னு இருக்கும். பாத்ததும் அய்யோ பவுச்ல ஒண்ணுமே இல்லையேன்னு தோணும். தண்ணியை கழிச்சு பாருங்க. ட்ரைல ஈரம் 8, மீதி 92ல புரதம் 32, அதாவது 35 சதம் கிட்ட. பவுச்ல ஈரம் 80, மீதி 20ல 10, அதாவது 50 சதம். வயசான பூனைக்கு, குறிப்பா பன்னெண்டு வயசுக்கு மேல, புரதமும் கொழுப்பும் செரிக்கிற திறமை பல பூனைங்களுக்கு குறையும், அதனால சதை கரையும், முதுகெலும்பு கைக்கு தட்டுப்படும். கிட்னி நல்லாருந்தா புரதத்தை குறைக்கறது தப்பு. கிட்னி போயிருந்தா கதை வேற, அங்க பாஸ்பரஸ் தான் முதல் வில்லன்.

அளவு கேட்டிருந்தீங்க. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு சுமாரா 200லேருந்து 250 கலோரி. 240னு வச்சுக்கோங்க. ட்ரை 100 கிராம்ல 370 கலோரி கிட்ட இருக்கும், அப்ப 65 கிராம் போதும். வெட் 100 கிராம்ல 80 கலோரி தான், அப்ப 300 கிராம் வேணும், 85 கிராம் பவுச்னா மூணரை. பாதி பாதின்னா 32 கிராம் ட்ரை, 150 கிராம் வெட். இது சராசரி, உங்க பாக்கெட் பின்னாடி இருக்கிற நம்பரை போட்டு பாருங்க, பிராண்டுக்கு பிராண்ட் ரொம்பவே மாறும்.

தண்ணி கணக்கும் பாத்துடுவோம். கிலோவுக்கு சுமாரா 50 மில்லின்னா அவளுக்கு 200 மில்லி. 65 கிராம் ட்ரைல கிடைக்கறது அஞ்சு மில்லி, மீதி பூரா அவளே குடிக்கணும். 300 கிராம் வெட்ல 240 மில்லி, சாப்பாட்டுலயே முடிஞ்சு போச்சு. பாதி பாதியிலயே 120 வந்துடுது. அதனால முழுசா மாத்த முடியலேன்னாலும் மனசு ஒடிஞ்சு போகாதீங்க.

இன்னொண்ணு, "சீனியர்"னு பாக்கெட்ல போட்டிருக்கறதை நம்பி வாங்காதீங்க. அமெரிக்காவுல சாப்பாட்டு அளவுகோல் போடுற ஆஃப்கோல வளர்ற குட்டி, சினைப்பூனைக்கு ஒண்ணு, பெரிய பூனைக்கு ஒண்ணு, அவ்வளவு தான். வயசான பூனைக்குன்னு தனி அளவுகோலே கிடையாது, ஆளாளுக்கு ஒரு மாதிரி செஞ்சு சீனியர்னு எழுதிக்கறாங்க. அதுக்கு பதிலா "கம்ப்ளீட்"னு போட்டிருக்கா பாருங்க. சில பவுச்ல "காம்ப்ளிமென்டரி"ன்னு பொடி எழுத்துல இருக்கும், அது நொறுக்குத்தீனி, அதை மட்டும் குடுத்தா சத்து பத்தாது.


புதுசா வந்தவன்:

குறுக்க வர்றேன் மன்னிக்கணும். இந்த பவுச் டின் எல்லாம் வேண்டாம்னு வெறும் வேகவச்ச சிக்கன் மட்டும் தினம் குடுத்தா வெட் ஃபுட் தானே அதுவும்?


கணக்கு வாத்தி:

ஈரம் இருக்கு, ஆனா சாப்பாடு ஆகாது. வெறும் சதையில கால்சியம் பத்தாது, வேக வச்சு தண்ணியை கொட்டினா டாரின்ங்கற சத்தும் நிறைய அதோட போயிடும். டாரினை பூனை உடம்பு வேணும்ங்கற அளவுக்கு செஞ்சுக்க முடியாது, பத்தலேன்னா கண்ணு போகும், இதயம் வீங்கி தளர்ந்து போகும். 1987ல தான் அமெரிக்க ஆராய்ச்சிக்காரங்க இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை கண்டுபிடிச்சாங்க, அதுக்கு அப்புறம் தான் கம்பெனிங்க டாரினை கூட்டி போட ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் கடையில வாங்கின சாப்பாட்டையே சாப்பிட்டும் பூனைங்க அப்படி செத்திருக்கு. எப்பவாவது ரெண்டு துண்டு ஆசைக்கு குடுங்க, உப்பு வெங்காயம் பூண்டு எதுவும் இல்லாம. வெங்காயம் பூண்டு பூனையோட ரத்த சிவப்பணுவை உடைக்கும், அது வெந்த தண்ணியும் ஆகாது.


ஊசிக்காரி:

சர்க்கரை பூனை வச்சிருக்கிற யாராவது இதை படிச்சா ஒண்ணு மட்டும். மாவுச்சத்து கம்மியான வெட் ஃபுட்டுக்கு மாத்தினா சர்க்கரை சட்டுன்னு இறங்கும், நல்ல விஷயம் தான், ஆனா இன்சுலினை பழைய அளவுலயே போட்டுட்டு சாப்பாட்டை மட்டும் மாத்தினா லோ ஆகி விழுந்துடும். என் பையன் விழுந்தான். நான் இன்டர்நெட்ல படிச்சுட்டு நல்லது பண்றேன்னு ஒரே நாள்ல மாத்திட்டேன், ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் நிக்க முடியாம தள்ளாடினது இன்னும் கண்ணுல நிக்குது. டாக்டர்கிட்ட சொல்லிட்டு, சர்க்கரை பாத்துக்கிட்டே மாத்துங்க.


மிளகம்மா:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மறந்துட்டேன்னு நினைச்சிருப்பீங்க.

எழுதி எடுத்துட்டு போனேன். இந்த தடவை டாக்டர் நிதானமா உக்காந்து பாத்தாரு, போன தடவைக்கு அவரே வருத்தப்பட்டாரு. வாயை திறந்து பாத்ததும் கீழ் இடது கடவாய்ப்பல்லை காட்டினாரு, ஈறு மேல ஏறி பல்லு மேல செவப்பா படர்ந்திருந்துச்சு. பல்லு தானாவே கரைஞ்சு போற நோயாம், வயசான பூனைங்க நிறைய பேருக்கு வருமாம், நரம்பு வெளிய தெரியறதால கடிக்கிறப்ப கரண்ட் அடிச்ச மாதிரி இருக்குமாம். எத்தனை மாசமா அப்படி இருந்தாளோ. அதைக் கேட்டதும் நான் அங்கயே அழுதுட்டேன், திமிருன்னு சொல்லி சிரிச்சோமே.

ரத்தம் எடுத்ததுல கிரியேட்டினின் 2.1, எஸ்டிஎம்ஏ 20, உச்சா தண்ணியா இருக்கு. கிட்னி நோய் ரெண்டாவது ஸ்டேஜ்னு சொன்னாங்க, மொத்தம் நாலு ஸ்டேஜாம். தைராய்டு சரியா இருக்கு, பிரஷரும் பரவாயில்லை. மயக்கம் குடுக்க பயமா இருந்துச்சு, ஆனா டிரிப்ஸ் போட்டு பாத்துக்கிட்டே பல்லை எடுத்தாங்க. மொத்தம் ரெண்டு பல்லு.

மூணாவது நாள் அவ சாப்பிட்ட வேகத்தை பாக்கணுமே!

ஆனா கிட்னி டயட் வெட் ஃபுட் தான் இப்ப பிரச்சனை. தொடவே மாட்டேங்கறா. டாக்டர் அவசரப்படாதீங்க, மூணு நாலு வாரம் எடுத்துக்கோங்க, முக்கியம் அவ சாப்பிடறது தான், எதை சாப்பிடறாங்கறது அதுக்கு அப்புறம்னு சொல்றாரு. மாத்தின அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்களேன், வீட்ல என்ன தந்திரம் பண்ணீங்க?


நாலுகால் நண்பன்:

பல்லுன்னு எனக்கு தோணவே இல்ல பாருங்க, தண்ணி தண்ணின்னே பேசிட்டேன். நல்லவேளை.

தந்திரம்னா முதல் விஷயம் சூடு. ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து அப்படியே வைக்காதீங்க, வயசான பூனைக்கு மோப்பம் குறைஞ்சிருக்கும், குளிர்ந்த சாப்பாட்டுல வாசனையே வராது. பவுச்சை வெந்நீர்ல அஞ்சு நிமிஷம் போட்டு, விரலை வச்சா உடம்பு சூடு மாதிரி தெரியணும். பூனையோட உடம்பு சூடே 38 டிகிரிக்கு மேல, இப்ப தான் பிடிச்ச எலி மாதிரின்னு நினைச்சுக்கும் போல. மைக்ரோவேவ்ல வச்சா ஒரு இடத்துல கொதிக்கும், ஒரு இடத்துல ஆறியே இருக்கும், கலக்கிட்டு தொட்டு பாருங்க.

ரெண்டாவது, அவ கிரேவியை நக்கிட்டு துண்டை விட்டான்னு சொன்னீங்கல்ல, அது வாய் வலியால மட்டும் இல்லாம பழக்கமும் இருக்கலாம். குட்டியில எந்த மாதிரி சாப்பாடு வாய்க்கு பழகுச்சோ அதையே தான் சாப்பாடுன்னு நினைக்கும். துண்டு வேண்டாம், மசிச்ச பேட்டே மாதிரி வாங்கி, பழைய ட்ரையை அம்மில பொடிச்ச மாதிரி பொடிச்சு மேல தூவுங்க. என் ரெண்டாவது ஆளு அந்த பொடிக்காகவே வாயை வச்சா, அப்புறம் பொடியை நாளுக்கு நாள் கம்மி பண்ணிட்டே வந்தேன். ஒன்றரை மாசம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவை முன்னேறினதெல்லாம் பின்னாடி போச்சு.


அரைமூடிக்கண்:

நல்லா பண்ணிருக்கீங்க மிளகம்மா. ரெண்டாவது ஸ்டேஜ்ல பிடிச்சது பெரிய விஷயம், இந்த ஸ்டேஜ்லேருந்து வருஷக்கணக்கா நல்லா இருக்கிற பூனைங்க நிறைய.

நான் சேர்த்து சொல்றது கொஞ்சம் தான். உடம்பு சரியில்லாதப்ப, வாந்தி இருக்கிறப்ப, இல்ல மாத்திரை கலந்து புது சாப்பாட்டை அறிமுகம் பண்ணாதீங்க. அந்த வாசனையை வாந்தியோட சேர்த்து ஞாபகம் வச்சுக்கிட்டா அந்த சாப்பாட்டை ஜென்மத்துக்கும் தொடாது, கிட்னி டயட் வீணா போறதுக்கு பாதி காரணம் இது தான். மாத்திரையை வேற எதுலயாவது குடுங்க. கிண்ணத்தை தரையில வைக்காம ஒரு சாண் உயரத்துல வச்சு பாருங்க, இந்த வயசுல மூட்டு வலி இல்லாத பூனை கம்மி, குனிஞ்சு சாப்பிட சங்கடப்படும். அகலமான தட்டு.

கிட்னி டயட் ட்ரையிலயும் வருது. வெட் கடைசி வரைக்கும் ஒத்துக்கலேன்னா அதை ஊறவச்சு குடுங்க, பாஸ்பரஸ் குறையறது தான் அதுல முக்கியம், தண்ணியை வேற வழியில ஏத்தலாம். வாளித் தண்ணி பிடிக்கும்னா இன்னும் ரெண்டு வாளி வைங்க, அவ கணக்கு அவளுக்கு.

வாரத்துக்கு ஒரு தடவை எடை பாருங்க. அவளை தூக்கிட்டு நீங்க நின்னு, அப்புறம் நீங்க மட்டும் நின்னு கழிச்சு பாக்கறதுல நூறு இருநூறு கிராம் தப்பு வரும், குழந்தைங்களுக்கு எடை பாக்கிற மிஷின் கிடைச்சா நல்லது.


கடுகடு பெருசு:

அப்ப என் ட்ரை ஃபுட்டுக்கும் ஒரு இடம் குடுத்துட்டீங்க. நன்றி.

பல்லு எடுத்த அப்புறம் பூனை ட்ரை கூட நல்லாவே சாப்பிடும், பல்லே இல்லாம முழுங்கிட்டு திரியற கிழடுங்களை பாத்திருக்கேன். அம்மா, உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு இப்ப?


மிளகம்மா:

அவர் கதையை கேக்காதீங்க. பல்லுக்கு நல்லதுன்னு சொன்ன மனுஷன் எடுத்த பல்லை ஒரு சின்ன டப்பாவுல போட்டு வச்சிருக்காரு. இப்ப காலையில வெந்நீர்ல பவுச் போடறது அவர் தான், விரலை விட்டு சூடு பாக்கறதும் அவர் தான், நான் செஞ்சா சரியா இல்லையாம்.

ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப நிலவரம் என்னன்னா காலையும் ராத்திரியும் கிட்னி பேட்டே, மேல பொடி தூவினது, பொடி இப்ப ஒரு சிட்டிகை தான். பகல்ல நாங்க யாரும் வீட்ல இல்லாதப்ப கிட்னி ட்ரை ஒரு 25 கிராம், எண்ணி வச்ச மாதிரி, முன்ன மாதிரி கொட்டி வைக்கறது இல்ல. முழுசா வெட்டுக்கு வரல, வர மாட்டான்னு நினைக்கிறேன், டாக்டரும் இது போதும்னுட்டாரு. எடை 4.3. தலையை சாய்க்கறது சுத்தமா நின்னுடுச்சு. கட்டி இன்னும் பெருசா தான் வருது, ஆனா அது இனிமே அப்படித்தானாம், கிட்னியால உச்சாவை முன்ன மாதிரி கெட்டியாக்க முடியாது, உள்ள போற தண்ணியும் ஜாஸ்தி.

ஒரே தொல்லை விடியக்காலை நாலு மணிக்கு நெஞ்சு மேல ஏறி நிக்கிறா. ட்ரை இருந்தப்ப அவளா போய் கொறிச்சுப்பா, இப்ப பவுச் பிரிக்க ஆள் வேணும்னு தெரிஞ்சுக்கிட்டா.

ஒரு சின்ன சந்தேகம், அரை பவுச் மிச்சமானா ஃப்ரிட்ஜ்ல எத்தனை நாள் வைக்கலாம்?


வாலாட்டாதே:

மூடி போட்ட டப்பாவுல ரெண்டு நாள். பவுச்லயே மடிச்சு வைக்காதீங்க காஞ்சிடும். நாலு மணிக்கு மட்டும் ஒரு தடவை கூட எழுந்து குடுத்துடாதீங்க சிஸ், மாட்டிக்குவீங்க.


மிளகம்மா:

வீட்டுக்காரர் ஏற்கனவே மாட்டிக்கிட்டாரு.